சிறந்த வாலிபால் விருது

சபையில் பணம் புரட்டிவிடலாம். தேதி புரட்டுவதுதான் கஷ்டம்.

அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது அந்தச் சபை. பெயர் வேண்டாம், கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரை எந்தச் சபையின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே வாலிபர் ஐக்கியத்துக்குப் புதிதாகத் தேர்வான செயலாளர் தம்பி, முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே, “இந்த வருஷம் நம்ம பசங்களுக்கு ஒரு அவார்டு ஃபங்ஷன் வைக்கலாம் ஐயா” என்று வாயை விட்டுவிட்டார். யாரும் மறுக்கவில்லை. மறுக்காமலேயே ஒரு திட்டத்தைக் கொல்ல சபைக் கமிட்டிகளுக்குத் தெரியும். “நல்ல யோசனை தம்பி. எப்போ வைக்கலாம்?” என்று கேட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.

ஜனவரியில் பொங்கல். பிப்ரவரியில் பெரும்பாலும் லெந்து நாட்கள் தொடங்கிவிடும். அந்த நாற்பது நாளில் விசிலடிக்க முடியுமா? மார்ச்சில் பொதுத்தேர்வு. பிள்ளைகள் ஹால் டிக்கெட்டை ஜெபத்தில் வைக்க மட்டும் வருவார்கள். ஏப்ரலில் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும். மே மாதம் பிள்ளைகள் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியில், பெற்றோர் ஊரில். இந்த ‘ஊர்’ என்பது இந்தப் பக்கத்துச் சபைகளில் பலருக்குத் தாமிரபரணிப் பக்கம் இருக்கிறது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள், 1959இல் டன்லப், 1961இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தபோது, வேலை தேடித் தெற்கிலிருந்து ரயிலேறியவர்கள் பெட்டியில் பாமாலைப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வீடுகளில் மே மாதம் என்றால் நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம்தான். அம்பத்தூரில் ஆலயம் காற்று வாங்கும்.

செப்டம்பரில் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உதயமான நாள். 1947இல் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் நடந்ததை நினைவுகூர்ந்து ஆராதனை. அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. அன்று வாழைத்தாரையும் நாட்டுக்கோழியையும் ஏலம் விட்டு முடிப்பதற்குள் இருட்டிவிடும். நவம்பரில் மழை. கொரட்டூர் ஏரிப் பக்கத்து ஆட்கள் நவம்பரில் எந்த அழைப்பிதழையும் நம்புவதில்லை. டிசம்பர் முழுக்கக் கேரல் ரவுண்ட்ஸ்.

மிச்சமிருந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் ஆண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் உரிய ஞாயிறுகளையும் அடித்தபிறகு, ஜூலைக் கடைசி ஞாயிறு ஒன்றுதான் மிஞ்சியது. ஒரு பெரியவர் இழுத்தார்: “அது ஆடி மாசமாச்சே...”

பொருளாளரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஷாமியானா சும்மா கிடக்கும், நாற்காலி சும்மா கிடக்கும், மற்ற மாதங்களில் மந்திரி மாதிரி இருக்கும் பிரியாணி மாஸ்டர் முதல் ரிங்கிலேயே போனை எடுப்பார். துணிக்கடைகளில் ஆடித் தள்ளுபடி. பொன்னாடைச் செலவில் பாதி மிச்சம். “இதைவிட நல்ல முகூர்த்தம் வருமா ஐயா?” என்று கேட்ட பிறகுதான் எந்தச் சபையில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தேதி நிறைவேறியது. ஆடியில் சவுண்ட் செட் கிடைக்குமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

அடுத்த கேள்வி இன்னும் வில்லங்கமானது. வாலிபர் என்றால் யார்?

1985ஆம் ஆண்டை உலக இளைஞர் ஆண்டாகக் கொண்டாடியதையொட்டி, ஐக்கிய நாடுகள் சபை 15 முதல் 24 வயது வரை என்று கோடு போட்டது. இந்திய அரசு 2003இல் வெளியிட்ட தேசிய இளைஞர் கொள்கையில் 13 முதல் 35 வரை என்று தாராளமாக இருந்தது. 2014இல் வந்த கொள்கை அதை 15 முதல் 29 வரை என்று சுருக்கியது. சபைகளில் இந்தக் கொள்கைகள் எதுவும் செல்லுபடியாவதில்லை. கல்யாணம் ஆகும்வரை வாலிபர், ஆன பிறகும் கொயரில் டெனர் பாட ஆள் இல்லாவிட்டால் வாலிபர். இந்தச் சபையின் வாலிபர் ஐக்கியப் பொருளாளருக்கு ஏழாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். அவரைச் சங்கத்திலிருந்து நீக்கலாம்தான். கணக்கு நோட்டு அவரிடம் இருக்கிறது. கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா ஒருவர், “நான் 1971ல சேர்ந்தேன். இன்னும் ராஜினாமா குடுக்கல. வேதாகமம் முழுசையும் கையால எழுதி வெச்சிருக்கேன், எனக்கும் ஒரு ஷீல்டு உண்டுதானே?” என்று கேட்டார். 66 புத்தகம், 1189 அதிகாரம். அதைக் கையால் எழுதியவரிடம் வயது வரம்பு பேச ஆயருக்கே தைரியம் வரவில்லை. அவர் பெயரும் பட்டியலில் ஏறியது.

உண்மையான போர் மூண்டது பரிசின் எண்ணிக்கையில்தான். எல்லாருக்கும் பரிசா, முதலில் வந்தவர்களுக்கு மட்டுமா?

ஆவடியிலிருந்து வரும் கமிட்டி உறுப்பினர் எல்லாருக்கும் கட்சி. ஆவடிக்காரர் வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்? 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே இலட்சியம் என்று தீர்மானம் போட்ட ஊராயிற்றே. அவர் மத்தேயு 20ஆம் அதிகாரத்தைத் திறந்தார். திராட்சைத் தோட்டத்துக்கு விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாய்கிற நேரத்தில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுத்த உவமை. “கர்த்தரே ஈக்வலா குடுத்திருக்காரு. நாம யாரு தம்பி, ஃபர்ஸ்ட் செகண்ட் போட?”

எதிரே உட்கார்ந்திருந்தவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பீஸ் ரேட்டில் கூலி கொடுத்துப் பழகிய கை. அவர் 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தில் விரலை வைத்தார். பந்தயத்தில் ஓடுகிறவர்கள் எல்லாரும் ஓடினாலும் பந்தயத்தைப் பெறுகிறவன் ஒருவனே என்று பவுல் எழுதிய இடம். “உவமையில கூலியப் பத்தித்தான் பேச்சு. இங்க பந்தயத்தப் பத்திப் பேச்சு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க சார்.” இறையியல் கல்லூரி வாசலையே மிதிக்காதவர் இப்படிப் பிரித்துச் சொன்னதும் ஆயர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பவுல் அந்தப் பந்தய உருவகத்தைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. கொரிந்து நகரத்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. அங்கே வென்றவனுக்குக் கொடுத்தது பைன் இலைக் கிரீடம். ஒரு காலத்தில் காய்ந்த செலரிக் கிரீடம். செலரி என்பது கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட உறவுக் கீரை. அந்தக் காய்ந்த கீரைக்காக அவ்வளவு ஓட்டம் ஓடினார்கள். அம்பத்தூரில் கொடுக்கப்போகும் ஷீல்டில் குறைந்தபட்சம் தங்க நிறமாவது உண்டு, உரிகிற வரைக்கும்.

ஞாயிறு பள்ளியில் பரிசு கொடுத்துப் பிள்ளைகளை உட்கார வைக்கும் வழக்கம் அதன் பிறப்பிலேயே வந்தது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ், தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஞாயிறு பள்ளி தொடங்கினார். அந்த ஊரில் குண்டூசித் தொழில் பிரசித்தம். வாரமெல்லாம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். அவர் கேட்டதெல்லாம் கழுவிய கை, கழுவிய முகம், வாரிய தலை. ஒழுங்காக வந்தவர்களுக்குப் புத்தகம், காலணி, சீப்பு என்று பரிசு கொடுத்தார். தலையை வாரச் சொல்லிவிட்டுச் சீப்பைப் பரிசாகக் கொடுத்த மனிதரின் நடைமுறை அறிவை இன்றைய கமிட்டிகள் கொஞ்சம் கடன் வாங்கலாம். அவருடைய சீப்புதான் நம் ஊருக்கு வந்து, பெயர் வெட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஆனது.

இந்தப் பரிசு வியாபாரத்தை உலகத்திலேயே அதிகமாகக் கிண்டல் செய்தவர் மார்க் ட்வைன். 1876இல் வெளியான ‘டாம் சாயரின் சாகசங்கள்’ நாவலில் வரும் ஞாயிறு பள்ளியில் இரண்டு வசனம் ஒப்பித்தால் ஒரு நீலச் சீட்டு. பத்து நீலத்துக்கு ஒரு சிவப்பு, பத்து சிவப்புக்கு ஒரு மஞ்சள், பத்து மஞ்சள் சேர்த்தால் ஒரு பைபிள். ஆக 2000 வசனம். டாம் ஒரு வசனத்தையும் உருப்படியாகப் படிக்காமல், தூண்டில் முள்ளையும் மிட்டாயையும் கொடுத்து மற்றப் பையன்களிடமிருந்து சீட்டு வாங்கிப் பரிசுக்குப் போய் நிற்கிறான். பெரிய மனிதர் ஒருவர் ஆசையாக, முதல் இரண்டு சீஷர்கள் யார் என்று கேட்க, தாவீதும் கோலியாத்தும் என்கிறான். ட்வைன் அந்த இடத்திலேயே கருணையோடு திரையைப் போட்டுவிடுகிறார். அம்பத்தூரில் திரை கிடையாது, ஷாமியானா மட்டும்தான்.

முடிவில் இரு கட்சிக்கும் பொதுவாக ஒரு சமரசம் வந்தது. வந்த எல்லாருக்கும் டிபன் பாக்ஸ், ஜெயித்தவர்களுக்கு ஷீல்டு. பிழைக்கத் தெரிந்த கமிட்டிகள் எல்லாம் இப்படித்தான் முடிக்கின்றன. பத்து வயதுக்குக் கீழே மத்தேயு, அதற்கு மேலே கொரிந்தியர் என்று வைத்திருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும், கேட்பார் இல்லை.

தேர்வு நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் 500க்கு, பன்னிரண்டில் 600க்கு என்று மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் மதிப்பெண் கொண்டுவந்தார்கள். சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் சதவீதம் கொண்டுவந்தார்கள். அந்தப் பெற்றோர், “எங்க பேப்பர் கஷ்டம்” என்ற குறிப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வருகைப் பதிவில் ஒரு சிறுவன் வருஷம் முழுக்க வந்ததாக இருந்தது. அம்மை போட்டுப் படுத்திருந்த வாரங்களிலும் வந்திருந்தான். அண்ணன் குரல் கொடுத்திருக்கிறான்.

வசன ஒப்புவித்தலில் விதி ஒன்றுதான்: விரும்பிய பகுதியைச் சொல்லலாம். விதியை எழுதியவர் சிறுவனாக இருந்ததே இல்லை போலிருக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பெருங்கூட்டம் யோவான் 11:35ஐத் தேர்ந்தெடுத்தது. தமிழில் அது மூன்றே சொல்: ‘இயேசு கண்ணீர் விட்டார்.’ ஒருவன் மேடையேறி மூன்று சொல்லையும் சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்த பயத்தில் அந்த வசனத்தில் உள்ளபடியே செய்தும் காட்டினான். கொஞ்சம் விவரம் தெரிந்த இன்னொருவன் “ஒரு முழு சங்கீதம்” என்று மார்தட்டி வந்தான். 117ஆம் சங்கீதம். மொத்தம் இரண்டு வசனம். பிறகு திருமுல்லைவாயலிலிருந்து வந்த ஒரு பெண், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ரெட்டை ஜடையோடு, 119ஆம் சங்கீதத்தை ஆரம்பித்தாள். 176 வசனம். நடுவர்கள் பைபிளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். நூறு தாண்டியதும் ஒரு நடுவரின் விரல் வரி மாறிவிட்டது. “கொஞ்சம் நில்லும்மா” என்றார். அவள் நிற்கவில்லை. நின்றால் மறந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வசனம் வரை போய்த்தான் மூச்சு விட்டாள். கொரிந்தியர் கட்சிக்கு அன்று அவளைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

ஷீல்டு வாங்கப் பெரியமேட்டுக்குப் போனார்கள். அம்பத்தூரில் மின்சார ரயிலேறினால் சென்ட்ரல். அங்கிருந்து நேரு விளையாட்டரங்கப் பக்கம் நடந்தால் கிரிக்கெட் மட்டையும் கால்பந்தும் கோப்பையுமாகக் கடைகள். கடைக்காரர் வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்ன பட்டியலைச் செயலாளர் தம்பி ரயிலில் நின்றபடி ஒரு கையால் அனுப்பினார். வந்து சேர்ந்த பெட்டியைப் பிரித்தபோது மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. முதன்மையான ஷீல்டில் மட்டும், தங்க எழுத்தில், ‘சிறந்த வாலிபால்’ என்று இருந்தது.

கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. காலையிலிருந்து இரவு வரை கபடி, கேரம், வாலிபால் என்றே அடித்துக்கொண்டிருப்பவருக்கு ‘வாலிபர்’ என்பது எழுத்துப்பிழையாகத்தான் தெரியும். நல்ல மனதோடு திருத்தியிருக்கிறார். மாற்றித்தரத் தயாராகவும் இருந்தார், செவ்வாய்க்கிழமை. விழாவோ ஞாயிறு.

பெட்டியில் இருந்த கோப்பைகளுக்கும் வேறொரு வியாதி இருந்தது. மேலே பளபளக்கிற கோப்பை, கீழே மார்பிள் துண்டு, இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நீளமான போல்ட். தூக்கினால் கோப்பை ஒரு பக்கம் பார்க்கும், மார்பிள் ஒரு பக்கம் பார்க்கும். அங்கேதான் ஃபோர்மேன் ஐயா வந்தார். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த ஆலை அது. அங்கே நட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் எந்த நட்டையும் சும்மா விடமாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பேனரோடு ஆலயத் தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கோப்பையாகத் தலைகீழாகக் கவிழ்த்து, வாஷர் இல்லாதவற்றுக்குச் சட்டைப்பையிலிருந்து வாஷர் எடுத்துப் போட்டு, முடுக்கி, காதருகே ஆட்டிப் பார்த்து வரிசையில் வைத்தார். “இது டைட்டு. இது போற வழியிலே கழண்டுடும், தனியா வை.” மேடைக்கு இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்க வேண்டும் என்று சாக்பீஸில் அம்புக்குறியும் அவரே போட்டார்.

சவுண்ட் செட் விஷயம் வெள்ளிக்கிழமைதான் வெடித்தது. ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். தெருவுக்குத் தெரு சீரியல் லைட், கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். கல்யாணம் இல்லாததால் சமையல்காரருக்குத்தான் ஓய்வு, சவுண்ட் செட்காரருக்கு அது சீசன். கடைசியில் ஒரு தம்பி கிடைத்தார். “அண்ணே, காலைல ரெண்டு தெரு தள்ளி அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்க. அது முடிஞ்சதும் ஒரு மிக்ஸரும் ரெண்டு பாக்ஸும் தூக்கிட்டு வந்துடறேன். பெருசா கேக்காதீங்க.” யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அழைப்பிதழில் மாலை 4 மணி என்று போட்டிருந்தது. நாலேகாலுக்குத் தம்பி வந்தார், நெற்றியில் குங்குமமும் கையில் ஒயர்ச் சுருளுமாக. ஆயர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வெள்ளைச் சேலையில் வரிசை பிடித்திருக்க, அவர் மிக்ஸரில் மின்சாரத்தைக் கொடுத்தார். காலையில் போட்ட பென் டிரைவ் அப்படியே செருகியிருந்தது. உடுக்கைச் சத்தத்தோடு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஆலய வளாகம் முழுக்க முழங்கியது.

நாலைந்து விநாடிதான். தம்பி பாய்ந்து பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு விழுந்த அமைதியில் எல்லார் கண்ணும் ஆயர் மேல். 1971இல் சேர்ந்த பாட்டியம்மாதான் வாயைத் திறந்தார்: “எதுக்கு இப்படி முழிக்கறீங்க? அந்த அம்மா பேரே லூர்து மேரி. நம்ம பொண்ணுதான்.” உண்மைதான். எல்.ஆர். ஈஸ்வரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பதன் சுருக்கம்தான் அந்த எல்.ஆர். ஆயர் சிரித்துவிட்டார். பிறகு சபையும் சிரிக்க அனுமதி பெற்றது.

சிறப்பு விருந்தினர் இதே சபையில் வளர்ந்து, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, பூந்தமல்லிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனவர். நாலு மணிக்குப் போன் செய்தபோது “கெளம்பிட்டேன்” என்றார். நாலரைக்கு “பருத்திப்பட்டு தாண்டிட்டேன்” என்றார். பின்னால் கேட்ட ஹாரன் சத்தத்தை வைத்து அவர் இன்னும் கரையான்சாவடி சந்திப்பில்தான் நிற்கிறார் என்று, தினமும் அந்த வழியில் வேலைக்குப் போகும் ஒரு தம்பி சொல்லிவிட்டார். அந்தச் சந்திப்பின் ஹாரனுக்கு ஒரு தனி ராகம் உண்டாம்.

விருந்தினர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்கும் பொறுப்பு வரவேற்புரைக்கு வந்தது. முதல் ஆஸ்கர் விழா 1929 மே 16இல் ஹாலிவுட்டில் ஒரு ஓட்டலில் நடந்தபோது விருதெல்லாம் கொடுத்து முடிக்க ஏறக்குறைய 15 நிமிடம்தான் ஆனது. 1943இல் நடிகை கிரீர் கார்சன் ஐந்தரை நிமிடம் போல நன்றி சொன்னதை ஹாலிவுட்காரர்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். பாவம், அவர்கள் சபை வரவேற்புரை கேட்டதில்லை. இங்கே ஆயரை, ஆயரம்மாவை, முன்னாள் செயலாளர்களை, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களை, பந்தல் போட்டவரை, இன்னும் வந்து சேராத விருந்தினரை வரவேற்று முடிப்பதற்குள் ஐந்தரை நிமிடம் மூன்று முறை ஓடிவிட்டது.

விருந்தினர் வந்தார், பொன்னாடை போர்த்தப்பட்டார், பேசினார். அந்தக் காலத்தில் தாம் எப்படிப் படித்தோம், எத்தனை மைல் நடந்தோம் என்பதில் தொடங்கி, சேமிப்புக் கணக்கு வழியாக, கைப்பேசியின் தீமைகளை அடைந்தார். பின்வரிசையில் தலைகள் சாய ஆரம்பித்தன. இதற்கு வேதத்திலேயே முன்னுதாரணம் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில், துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கம் பண்ணிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பவுல் இறங்கிப்போய் அவனை உயிரோடு எழுப்புகிறார். அதோடு முடித்தாரா? மேலே ஏறிவந்து விடியும்வரை பேசினார். வாலிபர் ஐக்கியங்களுக்கு ஒரு பாதுகாவலர் வேண்டுமென்றால் ஐத்திகுவைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது. இந்தச் சபையில் மாடி இல்லாதது நல்லதாயிற்று.

பரிசளிப்பைத் தொகுத்தவர்கள் ஒரு பையனும் ஒரு பெண்ணும். டி.வி. பார்த்துப் பழகியவர்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் “அண்ட் த அவார்டு கோஸ் டு...” என்று நிறுத்தி, மேஜையைத் தட்டி முரசொலி எழுப்பினார்கள். மெத்தூசலா 969 வருஷம் வாழ்ந்தவராம். இந்த வேகத்துக்கு அவர் ஒருவர்தான் ஈடுகொடுத்திருப்பார். பிறகு “ஜோஷ்வா!” என்று கூப்பிட்டார்கள். சபையில் அந்தப் பெயரில் நாலு பேர். மூன்று பேர் எழுந்தார்கள், இரண்டு பேர் ஃபோர்மேன் ஐயாவின் அம்புக்குறியைப் பிடித்து மேடையேறிவிட்டார்கள், ஒருவனுடைய அம்மா ஏற்கனவே படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டும் விட்டார். 2017 பிப்ரவரியில் ஆஸ்கர் மேடையிலேயே உறை மாறி, ‘லா லா லேண்ட்’ குழுவினர் மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது ‘மூன்லைட்’தான் சிறந்த படம் என்று திருத்த வேண்டியிருந்தது. அங்கே ஒரு தயாரிப்பாளர் பெருந்தன்மையோடு கோப்பையை உரியவர்களிடம் கொடுத்தார். இங்கே இரண்டாவது ஜோஷ்வாவுக்கு ஆறு வயது. பெருந்தன்மை இன்னும் வரவில்லை. கோப்பையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆவடிக்காரர் எழுந்து, “அவனுக்கும் ஒண்ணு குடுத்துடுங்க, எக்ஸ்ட்ரா இருக்குல்ல?” என்றார். கழன்றுவிடும் என்று ஃபோர்மேன் ஐயா தனியாக வைத்திருந்ததில் ஒன்று வந்தது. அந்த இடத்தில் மத்தேயு கட்சி ஜெயித்தது.

முதன்மை விருதுக்கு ரெட்டை ஜடைப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். ஷீல்டின் பெயர்ப் பட்டையில் தப்பான சொல்லை மறைத்து வெள்ளைத்தாள் ஒட்டி, ஸ்கெட்சால் திருத்தி எழுதியிருந்தார்கள். அவள் வாங்கிய கையோடு நகத்தால் தாளை உரித்துப் பார்த்துவிட்டாள். “அண்ணா, நான் த்ரோபால்தான் ஆடுவேன்” என்றாள், மைக்குக்கு மிக அருகில்.

சவுண்ட் செட் அப்போது மட்டும் பிரமாதமாக வேலை செய்தது.

பிரியாணியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று மாஸ்டர் சொன்னார், பத்துப் பேர் என்று பொருளாளர் சொன்னார். தால்சாவில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததோடு பிரச்சினை தீர்ந்தது.

அடுத்த வாரம் கணக்கு வாசித்தார்கள். ‘இதர செலவு’ என்ன என்று ஒருவர் கேட்க, “வாஷர்” என்றார் பொருளாளர். அடுத்த வருஷத்துத் தேதிக்காக மறுபடி காலண்டரைக் கழற்றினார்கள். மறுபடியும் ஆடிதான் மிஞ்சியது. இந்தத் தடவை செயலாளர் தம்பி முந்திக்கொண்டார். சவுண்ட் செட் தம்பியைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே அம்மன் கோயில் விழாக்குழுத் தலைவர் வீட்டுக்குப் போனார். கூழ் வார்ப்பதை அடுத்த வருஷம் மூன்றாவது ஞாயிறில் வைத்துக்கொண்டால், நாலாவது ஞாயிறு காலையிலிருந்தே முழுசெட்டும் சபைக்குக் கிடைக்கும்.

தலைவர் டீயை ஆற்றியபடி யோசித்தார். “மாத்திக்கலாம் தம்பி, ஒண்ணும் இல்ல. உங்க பிளாஸ்டிக் சேர் ஒரு அம்பது வேணும், ரெண்டு நாளைக்கு.” தம்பி தலையாட்டினார். “அப்புறம், நட்டு முடுக்குற பெரியவர் ஒருத்தர் இருக்காராமே, அவரையும் அனுப்பி வைங்க. எங்க சீரியல் செட் கட்டுற கம்பம் மூணு வருஷமா ஆடிக்கிட்டே இருக்கு.”

“சேருக்கு வாடகை?” என்று கேட்கச் சொல்லிப் பொருளாளர் அனுப்பியிருந்தார். தம்பி கேட்கவில்லை.